மலைவீட்டுக் கணப்புக்கு விறகு இன்சர்ட்: சென்னையிலிருந்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரியில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு பழைய ஓட்டு வீடு இருக்கிறது. நாங்கள் வசிப்பது சென்னையில், மயிலாப்பூரில். பொங்கலுக்கும் மே மாதத்துக்கும் இடையிடையே சில நீண்ட வார இறுதிகளுக்கும் மலை ஏறுவோம். அந்த வீட்டின் கணப்பில் விறகு எரிக்கும் இன்சர்ட் பொருத்தி ஒன்பது குளிர்காலம் ஆகிறது. தொடக்கத்தில் அதைத் தவறாகவே பொருத்தி வைத்திருந்தோம். ஊட்டி, குன்னூர், கொடைக்கானல் என்று மலையில் வீடு வைத்திருக்கும் சென்னை நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் இவை. நாங்கள் பட்ட பாட்டை இன்னொரு குடும்பம் படக்கூடாது என்பதற்காகவே இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

இன்சர்ட் என்றால் என்ன?

சுவரில் ஏற்கெனவே இருக்கும் செங்கல் அல்லது கல் கணப்புக்குள் நுழைத்துப் பொருத்தும் இரும்புப் பெட்டி அடுப்பு. முன்பக்கம் வெப்பம் தாங்கும் கண்ணாடிக் கதவு, உள்ளே தீச்செங்கல் அடுக்கு, மேலே புகைக்குழாய். காற்றைக் கூட்டவும் குறைக்கவும் ஒன்றோ இரண்டோ நெம்புகோல்கள் இருக்கும்.

பழைய சென்னை வீடுகளில் வெந்நீர் போடும் செப்பு பாய்லர் பார்த்திருப்பீர்கள். நடுவில் குழாய், அதில் கரியோ விறகோ எரியும், சுற்றிலும் நீர். வெப்பம் வீணாகாமல் நீருக்குள் இறங்கும். அதே விறகைத் திறந்த அடுப்பில் எரித்து அண்டாவைச் சூடாக்கினால் எவ்வளவு விறகு பிடிக்கும்! இன்சர்ட் செய்வதும் பாய்லர் செய்யும் வேலைதான். நெருப்பைப் பெட்டிக்குள் அடக்கி, அதன் சூட்டை அறைக்குத் திருப்புகிறது.

எங்கள் வீட்டில் அழகான திறந்த கணப்பு இருக்கிறது. அதிலேயே விறகு போட்டால் போதாதா?

குளிர்காயப் போதும். அறை சூடாகாது. திறந்த கணப்பில் எரியும் விறகின் வெப்பத்தில் நூற்றுக்குப் பத்திலிருந்து பதினைந்து பங்குதான் அறைக்குள் தங்குகிறது. மீதி புகைபோக்கி வழியாக வானத்துக்குப் போகிறது. போகும்போது அறையின் சூடான காற்றையும் இழுத்துக்கொண்டு போகிறது. அந்த இடத்தை நிரப்பக் கதவிடுக்கிலும் ஓட்டு இடுக்கிலும் குளிர்காற்று நுழைகிறது. அதனால்தான் முகம் எரிய முதுகு நடுங்குகிறது.

கணக்காகச் சொல்கிறேன். நன்றாக உலர்ந்த விறகு ஒரு கிலோவில் ஏறக்குறைய 4 யூனிட் வெப்பம் இருக்கிறது. மின்சாரக் கட்டணத்தில் வரும் அதே யூனிட்தான். ஒரு மாலையில் பத்துக் கிலோ எரித்தால் 40 யூனிட். திறந்த கணப்பில் அதில் 4 முதல் 6 யூனிட் உங்களுக்கு. 75 சதவீதத் திறனுள்ள இன்சர்ட்டில் 30 யூனிட்.

நம் மலை ஊர்களின் பழைய பங்களாக்களில் கணப்பு இருப்பதற்கு வரலாறு உண்டு. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1822-இல் ஊட்டியில் கல் பங்களாவைக் கட்டத் தொடங்கினார்; கொடைக்கானலில் அமெரிக்க மிஷனரிகள் 1845-இல் குடியேறினார்கள்; பிறகு கோடை வந்தால் சென்னை மாகாண அரசே ஊட்டிக்குப் போய் உட்கார்ந்தது. அவர்கள் தங்கள் ஊர் வழக்கப்படி அகலமான கணப்புகளைக் கட்டினார்கள். வண்டி வண்டியாக விறகு கொண்டுவந்து போட ஆட்கள் இருந்த காலம் அது. இன்று அந்தக் கணக்கு யாருக்கும் கட்டுப்படியாகாது.

சென்னை வீட்டிலேயே ஒன்று வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். மார்கழி இரவிலும் 20 டிகிரியை ஒட்டி நிற்கும் ஊருக்கு ஒரு போர்வை போதும். ஏற்காட்டில் வீடு வைத்திருப்பவர்களுக்கும் இதையே சொல்வேன். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் ஆண்டுக்குச் சில வாரக் குளிருக்காக இவ்வளவு செலவு அவசியமில்லை. ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் வேறு. ஜனவரியில் ஊட்டியின் பள்ளமான இடங்களில் புல்லின் மேல் உறைபனி படிகிறது. அங்கே இது ஆடம்பரமில்லை.

எத்தனை கிலோவாட் வாங்க வேண்டும்?

அறையின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்குங்கள். எங்கள் கூடம் 15 அடிக்கு 14 அடி, உயரம் 12 அடி; 2,520 கன அடி, அதாவது சுமார் 71 கன மீட்டர். காற்று கசியாத, நல்ல மேற்கூரை உள்ள வீட்டுக்கு 14 கன மீட்டருக்கு ஒரு கிலோவாட் என்பது குளிர்நாடுகளில் புழங்கும் கணக்கு. அதன்படி 5 கிலோவாட். ஓட்டுக்கூரையும் இடுக்கு விட்ட ஜன்னல்களும் இருந்தால் 10 கன மீட்டருக்கு ஒன்று. அதன்படி 7.

கடைக்காரர் 12 கிலோவாட் அடுப்பைக் காட்டி, “பெரியதாக இருந்தால் நல்லதுதானே, குறைத்து எரித்துக்கொள்ளுங்கள்” என்பார். கேட்காதீர்கள். தேவைக்கு மேல் பெரிய அடுப்பு வாங்கினால் அறை அரை மணியில் வெந்துவிடும். நீங்கள் காற்றை அடைத்து நெருப்பை மூச்சுத்திணற வைப்பீர்கள். அப்படிப் புழுங்கி எரியும் விறகு கண்ணாடியைக் கறுப்பாக்கும். புகைபோக்கியில் தார் படிய வைக்கும். சிறிய அடுப்பில் நெருப்பு சுறுசுறுப்பாக எரிவதே நல்லது. இரண்டு அளவுக்கு நடுவில் தயங்கினால் சிறியதையே எடுங்கள்.

வார்ப்பிரும்பா, எஃகுத் தகடா?

வார்ப்பிரும்பு மெல்லச் சூடாகும், நெடுநேரம் சூடு தாங்கும். எஃகு சீக்கிரம் சூடாகும், சீக்கிரம் ஆறும். வெள்ளிக்கிழமை இரவு மேட்டுப்பாளையத்தைத் தாண்டி மலையேறி, பத்து மணிக்கு ஜில்லிட்ட வீட்டைத் திறக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு எஃகே வசதி என்பது என் கருத்து. மாதக்கணக்கில் அங்கேயே தங்குபவர்கள் வார்ப்பிரும்பு வாங்கலாம். எதுவானாலும் உள்ளே இருக்கும் தீச்செங்கல்லும் மேலே இருக்கும் தடுப்புப் பலகையும் கதவை இறுக்கமாக மூடவைக்கும் கயிறும் பிற்காலத்தில் மாற்றுவதற்குக் கிடைக்குமா என்று பணம் கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள்.

இறக்குமதி அடுப்புகளில் எந்தச் சான்றைப் பார்ப்பது?

ஐரோப்பிய அடுப்பானால் ஈ.என். 13229 என்ற தரமோ, அதற்குப் பின் வந்த ஈ.என். 16510 என்ற தரமோ தகட்டில் பொறிக்கப்பட்டிருக்கும். ஐரோப்பாவில் 2022 முதல் புகை அளவுக்கும் திறனுக்கும் கடுமையான வரம்பு நடைமுறையில் இருக்கிறது. அதற்கு உட்பட்டதா என்று கேளுங்கள். அமெரிக்க அடுப்பானால் 2020 முதல் அங்குள்ள விதி மணிக்கு 2 கிராமுக்கு மேல் புகைத்துகள் வரக்கூடாது என்கிறது. விறகுக்கட்டையைக் கொண்டே சோதித்த அடுப்புக்கு 2.5 கிராம். தகடே இல்லாத அடுப்பை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் நான் வாங்க மாட்டேன்.

பழைய புகைபோக்கி நன்றாகத்தான் இருக்கிறது. அதிலேயே இணைத்துவிடலாமா?

இந்தப் பக்கத்தில் வேறு எதையும் படிக்க நேரமில்லையென்றால் இந்தப் பதிலை மட்டுமாவது படியுங்கள்.

எங்களுக்கு அடுப்பு விற்ற கடை அனுப்பிய ஆட்கள் அரை நாளில் வேலையை முடித்தார்கள். பெட்டியைக் கணப்புக்குள் தள்ளினார்கள், மேல்வாயைப் பழைய புகைபோக்கிக்குள் திறந்துவிட்டார்கள், சுற்றிலும் சிமெண்ட் பூசினார்கள். அன்றிரவு நெருப்பு நன்றாகத்தான் எரிந்தது. மூன்றாம் நாள் காலையில் என் மாமியார் மாடியிலிருந்து இறங்கி வந்து, “ராத்திரி முழுக்கத் தலைவலி, அறையெல்லாம் கரி வாசனை” என்றார். போய்ப் பார்த்தேன். அவருடைய கட்டிலுக்குப் பின்னால், புகைபோக்கி ஏறும் சுவரில், வெள்ளைச் சுண்ணாம்புக்கு மேல் காப்பி டிகாக்‌ஷன் வழிந்ததுபோல் ஒரு பழுப்புக் கோடு. விரலால் தொட்டால் பிசுபிசுத்தது. தார்.

காரணம் எளியது. எங்கள் அடுப்பின் புகைவாய் 6 அங்குல வட்டம், பரப்பு 28 சதுர அங்குலம். பழைய புகைபோக்கியின் உட்புறம் அடிக்கு அடி, 144 சதுர அங்குலம். ஐந்து மடங்கு. திறந்த கணப்பின் ஏராளமான சூட்டில் அந்த அகலம் சரியாக இருந்தது. இன்சர்ட் சூட்டை அறைக்குக் கொடுத்துவிட்டுக் குறைந்த புகையை அனுப்புகிறது. அந்தப் புகை அகன்ற, குளிர்ந்த கல் சுரங்கத்தில் மெல்ல ஏறி, வழியிலேயே குளிர்ந்து, சுவரில் தாராகப் படிந்தது. நூறு ஆண்டுச் சுண்ணாம்புச் சாந்து உதிர்ந்த இடுக்குகளின் வழியே மேலறைக்குள் கசிந்தது. தார் படிந்த புகைபோக்கி ஒருநாள் தீப்பிடிக்கும். அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடும் இருந்தது என்று பிறகு நினைத்துப் பார்க்கும்போது இன்றும் எனக்கு நெஞ்சு பதறுகிறது. அந்த இரவுகளில் அவர் அந்த அறையில்தான் தூங்கியிருக்கிறார்.

தீர்வு, அடுப்பின் வாயிலிருந்து புகைபோக்கியின் உச்சிவரை அதே அளவில் ஒரே துருப்பிடிக்காத எஃகுக் குழாய். இதை லைனர் என்கிறார்கள். விறகுக்கு 316 வகை எஃகு வேண்டும். சாதாரணத் தகரக் குழாய் சில ஆண்டுகளில் அரித்துப்போகும். பழைய புகைபோக்கி அந்தக் குழாய்க்கு உறையாக நிற்கும். குழாயைச் சுற்றி வெப்பம் காக்கும் கம்பளம் சுற்றினால் இழுவை, அதாவது புகையை மேலே இழுக்கும் விசை, இன்னும் கூடும். உச்சியில் மழைமூடியும் பறவை நுழையாத வலையும் போடுங்கள். எங்கள் புகைபோக்கியிலிருந்து இரண்டு சாக்குக் காக்கைக்கூட்டுச் சுள்ளி எடுத்தோம்.

ஆகவே பணத்தைப் பிரிக்கும்போது முதலில் புகைபோக்கிக்கு ஒதுக்குங்கள், மீதியில் அடுப்பு வாங்குங்கள். எல்லோரும் தலைகீழாகச் செய்கிறார்கள், நாங்களும் அப்படித்தான் செய்தோம்.

இழுவை சரியாக இருக்கிறதா என்று நாமே பார்க்க முடியுமா?

ஓர் ஊதுபத்தி போதும். ஜன்னல்களை மூடி, கணப்பின் வாயருகே பிடியுங்கள். புகை உள்ளே சாய்ந்து மேலேறினால் இழுவை உண்டு. அறைப்பக்கம் திரும்பினால் அடைப்போ எதிர்க்காற்றோ இருக்கிறது. கசிவைப் பார்க்க ஒரு தூபக்கால் நிறையச் சாம்பிராணி போட்டுக் கணப்புக்குள் வைத்துவிட்டு மற்ற அறைகளில் மோந்து பாருங்கள். மாடியில் சாம்பிராணி மணந்தால் சுவரில் ஓட்டை இருக்கிறது. எங்கள் வீட்டில் இதை முதலிலேயே செய்திருந்தால் எல்லாம் தெரிந்திருக்கும்.

கதவு இறுக்கமாக மூடுகிறதா என்பதற்குப் பத்து ரூபாய் நோட்டு. கதவில் வைத்து மூடி இழுங்கள். வழுக்கி வந்துவிட்டால் கதவைச் சுற்றியுள்ள கயிற்றை மாற்றும் காலம் வந்துவிட்டது.

மலை உயரத்தால் ஏதாவது வேறுபாடு உண்டா?

உண்டு. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி சென்னையைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. இழுவையும் அதற்கேற்பக் குறையும். கையேட்டில் சொல்லும் குறைந்தபட்ச உயரத்தோடு நிற்காமல் புகைபோக்கியைச் சற்று உயர்த்திக் கட்டுவது நல்லது. கூரையிலிருந்து வெளியேறும் இடத்துக்கு மேல் 3 அடியாவது நிற்க வேண்டும். பத்தடி தூரத்துக்குள் உள்ள எதையும்விட 2 அடி உயர்ந்திருக்க வேண்டும். கூரை முகட்டையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எந்த விறகு நல்லது?

மரத்தின் பெயரைவிட அதில் எவ்வளவு ஈரம் என்பதுதான் முக்கியம். ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் பாதிவரைகூட நீராக இருக்கலாம். விறகுத் தொட்டியில் எடைக்குத்தான் விற்கிறார்கள். ஈர விறகு வாங்குவது தண்ணீருக்குக் காசு கொடுப்பது. வாங்கி எரித்தால், அந்த நீரை ஆவியாக்கவே நெருப்பின் சூடு செலவாகிறது. போகிப் பண்டிகைக் காலையில் பனியும் ஈரக்குப்பைப் புகையும் சேர்ந்து சென்னைத் தெருக்களில் எப்படிக் கண் எரிகிறது! அதை ஒரு குழாய்க்குள் அடைத்ததாக நினைத்துப் பாருங்கள்.

ஈரம் பார்க்க இரு முள் கொண்ட சிறிய மீட்டர் கிடைக்கிறது. கட்டையைப் பிளந்து, உள்முகத்தில் குத்திப் பாருங்கள். வெளிப்புறம் எப்போதும் காய்ந்ததாகவே காட்டும். மீட்டர் இல்லையென்றால் இரண்டு கட்டைகளை மோதுங்கள். காய்ந்தது கணீரென்று ஒலிக்கும், ஈரமானது மொத்தென்று விழும். வெட்டுமுகத்தில் நடுவிலிருந்து விளிம்புக்கு வெடிப்புகள் ஓடியிருந்தால் நல்ல அடையாளம்.

மலையில் கிடைப்பவற்றில் வாட்டில் என்னும் சீகை மரமும் கற்பூர மரம் என்று நீலகிரியில் சொல்லும் தைலமரமும் நன்றாக எரியும். இரண்டும் வெளிநாட்டிலிருந்து வந்து, மலையின் சொந்தக் காடுகளான சோலைகளையும் புல்வெளிகளையும் ஆக்கிரமித்தவை. எரிப்பதில் மனவருத்தம் இல்லை. தைலமரம் காய நாளாகும், பச்சையாக இருக்கும்போதே பிளந்துவிட வேண்டும். காய்ந்தபின் கோடரியே திரும்பி வரும். சோலை மரம் என்று சந்தேகம் வந்தால் வாங்காதீர்கள், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும். அந்தச் சோலைகள்தான் நம் ஆறுகளுக்கு நீர் தருகின்றன.

எல்லாவற்றுக்கும் மேல் ஒன்று: டிசம்பரில் எரிக்கும் விறகை டிசம்பரில் வாங்க முடியாது. நாங்கள் ஒரு மே மாதத்தில் வாங்கி, அடுத்த குளிர்காலத்துக்குத்தான் தொடுகிறோம். நடுவில் தென்மேற்குப் பருவமழை, மூடுபனி, வடகிழக்குப் பருவமழை என்று எல்லா ஈரமும் வருகிறது. தரையில் செங்கல் வரிசை, அதன்மேல் விறகு, தலைக்கு மட்டும் தகரம். பக்கங்களை மூடாதீர்கள், காற்று புகுந்து போகட்டும். பலர் தார்ப்பாயை நான்கு பக்கமும் போர்த்திப் பூஞ்சை வளர்க்கிறார்கள்.

நீளத்தையும் சொல்லி வெட்டச் சொல்லுங்கள். நம் அடுப்புகளில் நீண்ட கட்டையை முன்னால் நீட்டிவிட்டு, எரிய எரிய உள்ளே தள்ளுவோம். இங்கே கதவு மூட வேண்டும். ஒரு சாணுக்குச் சற்று மேல், மணிக்கட்டுப் பருமன். பெரும்பாலான சிறிய அடுப்புகளுக்கு இது பொருந்தும்.

என் தோட்டத்து மரத்தை நானே வெட்டிக்கொள்ளலாமா?

அனுமதியில்லாமல் கூடாது. 1955-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம், அறிவிக்கப்பட்ட மலைப்பகுதிகளில் சொந்த நிலத்து மரத்துக்கும் பொருந்தும். விழுந்த மரமானாலும் வனத்துறையிடம் ஒருமுறை கேட்டுவிட்டுக் கோடரியை எடுங்கள்.

சென்னையிலிருந்தே விறகு கொண்டு போகலாமா?

சவுக்கு அருமையான விறகு. அடர்த்தியானது, நல்ல சூடு. காரில் இரண்டு மூட்டை கொண்டு போகலாம். அது ஓரிரு மாலைக்குத்தான் வரும். முழுக் குளிர்காலத்துக்கும் லாரியில் ஏற்றுவது வீண்செலவு. மரத்தை வண்டியில் கொண்டுபோவதற்கு விதிகளும் உண்டு.

கடற்கரையில் ஒதுங்கும் கட்டையை மட்டும் எரிக்காதீர்கள். உப்பு ஊறிய மரத்தின் புகை எஃகை அரிக்கும், நச்சும் கலக்கும். பெயிண்ட் அடித்த பழைய ஜன்னல் சட்டம், பிளைவுட், பிளாஸ்டிக் உறை எதையும் போடக்கூடாது. தேங்காய் சிரட்டை பற்றவைக்க ஒன்றிரண்டு போடலாம். அடுப்பு நிறையப் போட்டால் சூடு எல்லை மீறும்.

ஊதுவிசிறி உள்ள இன்சர்ட் வேண்டுமா?

விசிறி அறையைச் சீக்கிரம் சூடாக்கும். ஆனால் காற்றும் மழையும் அடிக்கும் இரவில்தான் மலையில் மின்சாரம் போகும். விசிறி இல்லாமலும் கீழே குளிர்காற்று நுழைந்து மேலே சூடாக வெளியேறும் துளைகள் உள்ள வடிவத்தை வாங்குங்கள். விசிறி இருந்தால் கூடுதல் வசதி.

எப்படிப் பற்றவைப்பது?

நம் பழக்கத்துக்கு நேர்மாறாக. பெரிய கட்டைகளைக் கீழே அடுக்கி, அவற்றின் மேல் மெல்லிய சிராய், உச்சியில் சிறு சுள்ளி. மேலேயிருந்து பற்றவையுங்கள். நெருப்பு மெல்லக் கீழிறங்கும்; புகைபோக்கி முதலில் சூடாகிவிடுவதால் புகை திரும்பாது. காற்றுவழி முழுக்கத் திறந்திருக்கட்டும். கட்டை நன்றாகப் பற்றிய பிறகே கொஞ்சம் குறையுங்கள். புது அடுப்பானால் முதல் இரண்டு மூன்று நெருப்பும் சிறியதாக இருக்கட்டும். இரும்பின் பூச்சு காயும்போது நாற்றம் வரும், ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

இரவில் எரியவிட்டுத் தூங்கலாமா?

காற்றை அடைத்துப் புழுங்கவிட்டுத் தூங்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, வாசனையில்லை. தலைவலி, குமட்டல், மயக்கம். தூக்கத்தில் இருப்பவருக்கு அதுவும் தெரியாது. மலைச் சுற்றுலா விடுதிகளில் மூடிய அறைக்குள் கரிச்சட்டி வைத்துத் தூங்கியவர்கள் காலையில் எழுந்திருக்கவில்லை என்ற செய்தியை நாம் படித்திருக்கிறோம். எந்தக் காரணம் கொண்டும் தணல் சட்டியைப் படுக்கையறைக்குள் கொண்டு போகாதீர்கள்.

கணப்பு இருக்கும் அறையிலும், புகைபோக்கி ஏறும் மாடி அறையிலும் மின்கலத்தில் இயங்கும் கார்பன் மோனாக்சைடு அலாரம் வையுங்கள். 5 கிலோவாட்டுக்கு மேற்பட்ட அடுப்பானால் வெளிக்காற்று வர மூடமுடியாத ஒரு துளை சுவரில் வேண்டும். குளிர் வருகிறதென்று அதில் துணி அடைக்கும் பெரியவர்கள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள். பொறுமையாக உட்காரவைத்துக் காரணத்தைச் சொல்லுங்கள்.

புகைபோக்கியை எத்தனை முறை சுத்தம் செய்வது?

ஆண்டுக்கு ஒருமுறை, குளிர்காலத்துக்கு முன். பழக்கமான ஆள் கிடைக்காவிட்டால், லைனர் அளவுக்கேற்ற வட்டத் தூரிகையும் இணைப்புக் கழிகளும் வாங்கிவைத்து, கூரை ஏறத் தெரிந்தவரிடம் கொடுங்கள். உதிர்ந்து விழுவது உலர்ந்த பொடியாக இருந்தால் நன்றாக எரித்திருக்கிறீர்கள். பளபளக்கும் கறுப்புச் சில்லுகளாக இருந்தால் விறகில் ஈரம்.

சாம்பலை என்ன செய்வது? பத்து மாதம் பூட்டிக்கிடக்கும் வீட்டில் அடுப்பை எப்படி விட்டு வருவது?

எரிக்கும் நாட்களில் ஓர் அங்குலச் சாம்பலைத் தட்டில் விட்டுவையுங்கள், தணலைக் காக்கும். எடுப்பதை மூடியுள்ள இரும்பு வாளியில் போட்டு, கல்தரையில், வீட்டுக்கு வெளியே வையுங்கள். சாம்பலுக்குள் கங்கு இரண்டு மூன்று நாள்கூட உயிரோடு இருக்கும். நன்றாக ஆறியது காய்கறிப் பாத்திக்குப் போகலாம். மலைமண்ணின் புளிப்பைக் குறைக்கும். தேயிலைக்கும் அசேலியாவுக்கும் போடாதீர்கள், அவற்றுக்குப் புளிப்புமண்தான் வேண்டும். கண்ணாடிக் கறைக்கு ஈரச் செய்தித்தாளைச் சாம்பலில் தொட்டுத் தேய்த்தால் போதும்.

கிளம்பும் நாளில் சாம்பல் முழுவதையும் வழித்து எடுத்துவிடுங்கள். சாம்பல் மழைக்கால ஈரத்தை உறிஞ்சி இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். கதவை ஒரு விரற்கடை திறந்து, காற்றுவழியையும் திறந்து வையுங்கள். உள்ளே ஒரு பழைய செய்தித்தாளை விரித்துவிட்டு வருவது எங்கள் வழக்கம். அடுத்த முறை போனதும் அதைத்தான் முதலில் பார்ப்பேன். நீர்ச்சொட்டு விழுந்த வட்டங்கள் இருந்தால் உச்சி மூடி நகர்ந்திருக்கிறது. சுள்ளி கிடந்தால் காக்கை மீண்டும் வந்திருக்கிறது. தாள் சுத்தமாக இருந்தால் அதையே சுருட்டிப் பற்றவைத்துக்கொள்ளலாம்.